உங்களுக்குத் தெரியுமா? கூட்ஸ் போன பிறகுதான் பாசஞ்சர்!

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் சிதம்பரத்துக்கும் நாள்தோறும் ரயிலில் போய் வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நிற்கும். ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. "என்னங்க, கிராசிங்கா?" என்று ஒருவர் கேட்பார். "கூட்ஸ் வருதாம்" என்று ஜன்னலோரத்திலிருந்து பதில் வரும். கால் மணி நேரம் கழித்து நிலக்கரியோ நெல்லோ ஏற்றிய நீண்ட வண்டி ஒன்று தடதடத்துக் கடக்கும். அதற்குப் பிறகும் நம் வண்டி உடனே கிளம்பாது. ஏன் என்று தெரிந்துகொள்வோம்.

● விழுப்புரம் – கடலூர் – மயிலாடுதுறை – தஞ்சாவூர் தடமும், மயிலாடுதுறை – திருவாரூர் தடமும் சேர்ந்து 228 கி.மீ. மின்மயமாக்கப்பட்டு, 2021 பிப்ரவரி 14 அன்று பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. மின்கம்பி வந்தது. எஞ்சின் மாறியது. டீசல் செலவு மிச்சமானது. ஆனால் பாதை ஒன்றுதான். மேலே போகிற வண்டிக்கும் கீழே வருகிற வண்டிக்கும், எக்ஸ்பிரஸுக்கும் கூட்ஸுக்கும் அதே ஒற்றைத் தண்டவாளம். டெல்டாவின் ரயில் தாமதங்களைப் பற்றிப் பேச நூறு விஷயம் இருக்கலாம். வேர் இதுதான்.

● ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட துண்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் உள்ள ஸ்டேஷன் மாஸ்டரிடம் 'லைன் கிளியர்' வாங்காமல் எந்த வண்டியையும் அனுப்ப முடியாது. அந்தக் காலத்தில் இதற்கு அத்தாட்சியாக ஓர் உலோக உருண்டையைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு சேர்த்து டிரைவரிடம் கொடுப்பார்கள். ஒரு ஸ்டேஷனில் உள்ள கருவி உருண்டையை வெளியே விட்டுவிட்டால், அது அடுத்த ஸ்டேஷன் கருவிக்குள் போய்ச் சேரும் வரை இன்னோர் உருண்டை வெளியே வராது. எத்தனை உயிர்களைக் காத்த ஏற்பாடு! இன்று உருண்டை போய் மின் இணைப்பு வந்துவிட்டது. விதி மட்டும் மாறவில்லை, மாறவும் கூடாது.

● எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். அதற்குத்தான் 'லூப் லைன்'. நேர்ப்பாதையிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து, பிளாட்பாரத்தையொட்டி ஓடி, மறுபடி நேர்ப்பாதையில் சேரும் தடம். லூப்புக்குள் நுழையும் வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய வகைப் பாயிண்ட் (தடம் மாற்றும் அமைப்பு) உள்ள இடங்களில் 15 கி.மீ.தான். ஆகவே நிற்பதற்கு முன்பே நேரம் போகத் தொடங்கிவிடுகிறது.

லூப் இல்லாத ஸ்டேஷனில் வண்டிகள் கிராஸ் செய்ய முடியாது. நின்று ஆள் ஏற்றிப் போகலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவற்றை 'ஹால்ட்' என்பார்கள். அகலப் பாதை போடும்போது ஒரு கிராசிங் ஸ்டேஷனை ஹால்ட்டாகக் குறைத்தால் சம்பளச் செலவும் பராமரிப்புச் செலவும் மிச்சம். அந்த மிச்சத்தின் விலை என்ன என்பதைக் கீழே கணக்காகவே பார்க்கலாம்.

● ஒரு துண்டுப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓட்டலாம் என்பதற்கு ரயில்வேயில் நெடுங்காலமாக ஒரு கணக்கு உண்டு. ஸ்காட் சூத்திரம் என்று பெயர். ஒரு நாளின் 1,440 நிமிடங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். மிக மெதுவான வண்டி அந்தத் துண்டைக் கடக்கும் நேரத்தோடு, லைன் கிளியர் வாங்கிப் பாயிண்ட் மாற்றும் சில நிமிடங்களைக் கூட்டி, அதால் வகுக்க வேண்டும். வருவதில் 70 சதவீதம்தான் நடைமுறைக்கு உதவும்.

இரண்டு கிராசிங் ஸ்டேஷன்களுக்கு இடையே 12 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூட்ஸ் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 18 நிமிடம். சிக்னல் வேலைக்கு 5 நிமிடம். மொத்தம் 23. கணக்குப் போட்டால் இரு திசையும் சேர்த்து நாளைக்கு 43 வண்டி. நடுவில் ஒரே ஒரு கிராசிங் ஸ்டேஷன் இருந்து தூரம் 6 கி.மீ. ஆனால்? 9 நிமிடமும் 5 நிமிடமும் சேர்ந்து 14. வண்டிகள் 72!

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதையின் கொள்ளளவை நிர்ணயிப்பது வேகமான வண்டி அல்ல. ஆக மெதுவான வண்டி. வந்தே பாரத் எத்தனை விட்டாலும், அதே தடத்தில் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஓடும் வரை இந்தக் கணக்கு மாறாது.

● விதிப்புத்தகப்படி பார்த்தால் கூட்ஸ் வண்டிக்குத்தான் கடைசி இடம். விபத்து நடந்த இடத்துக்கு விரையும் நிவாரண ரயிலுக்கு முதல் உரிமை. பிறகு ராஜதானி, வந்தே பாரத் போன்றவை, அடுத்து மெயிலும் எக்ஸ்பிரஸும், அதன் பின் பாசஞ்சர், எல்லாவற்றுக்கும் கீழே கூட்ஸ். அப்படியானால் நாம் ஏன் அதற்காக நிற்கிறோம்?

காரணம், வரிசை எழுதிய காகிதத்தில் வண்டியின் எடை இல்லை. முழு நிலக்கரி ரேக் ஒன்று 58 வேகன் கொண்டது. சுமையோடு சேர்த்து 5,000 டன்னைத் தாண்டும். அதை நிறுத்த ஒரு கிலோமீட்டர்கூடப் பத்தாமல் போகும். நிறுத்திய பின் மறுபடி வேகம் பிடிக்கப் பல நிமிடம் ஆகும். எட்டுப் பெட்டி பாசஞ்சரோ நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பிவிடும். அதோடு, நீளத்தையும் பாருங்கள். நம் ஊர் லூப்புகளின் வழக்கமான அளவு 686 மீட்டர். 58 வேகன் ரேக் எஞ்சினோடு சேர்ந்து ஏறக்குறைய 650 மீட்டருக்கு வந்துவிடும். ஒரு லூப்பில் ஏற்கெனவே வேறு வண்டி நின்றால் கூட்ஸை ஒதுக்க இடம் கிடையாது. சின்ன வண்டியை எங்கும் ஒதுக்கலாம். ஆகவே பாசஞ்சர் ஒதுங்குகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. ஆனால் தினமும் அதே முந்நூறு நானூறு பேர் ஒதுக்கப்படும்போது, பௌதிகக் காரணம் ஆறுதலாக இருப்பதில்லை.

● எந்த வண்டி எங்கே ஒதுங்க வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் முடிவு செய்வதில்லை. மயிலாடுதுறை, திருச்சி கோட்டத்தைச் சேர்ந்தது. திருச்சியில் உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோலர்தான் சொல்ல வேண்டும். அவர் முன்னால் ஒரு வரைபடம்: ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், மறுபக்கம் மணி, ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. முன்பு பென்சிலும் அளவுகோலுமாக வரைந்தது, இப்போது கணினித் திரையில் வருகிறது. ஒற்றைப் பாதையில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒரு ஸ்டேஷன் மேல்தான் விழ வேண்டும். ஒரு வண்டி பத்து நிமிடம் பிந்தினால் அதன் கோடு நகரும். அது வெட்டும் அத்தனை கோடுகளும் நகரும். எக்ஸ்பிரஸ் ஒன்று கடலூரில் பிந்தினால் அதன் பலனைக் கும்பகோணத்தில் நிற்கும் பாசஞ்சர் அனுபவிக்கும்.

கூட்ஸ் வண்டிக்குப் பெரும்பாலும் அச்சிட்ட கால அட்டவணை கிடையாது. எப்போது ஏற்றி முடிகிறதோ, எப்போது எஞ்சினும் ஆளும் கிடைக்கிறார்களோ, அப்போது கிளம்பும். கால அட்டவணை உள்ள வண்டிகளுக்கு நடுவே அட்டவணை இல்லாத வண்டியைச் செருக வேண்டும். அந்த நாற்காலியில் இருப்பவரின் வேலை எளிதல்ல.

● பத்து நிமிட நிறுத்தம் எப்படி அரை மணி ஆகிறது? லூப்புக்குள் மெல்ல நுழைய ஓரிரு நிமிடம். எதிரே வரும் கூட்ஸ் முந்தைய ஸ்டேஷனைத் தாண்டி நம்மிடம் வந்து சேர 15 முதல் 20 நிமிடம். அதன் கடைசி வேகன் முழுதாக வந்ததா என்று சரிபார்க்க வேண்டும். பின் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர், பாயிண்ட், சிக்னல். அதற்குள் எதிரே ஓர் எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டால் அதுவும் வந்து சேரும் வரை இருக்க வேண்டியதுதான்.

● லோகோ பைலட்டுக்குப் பணி நேர வரம்பு உண்டு, இருக்கவும் வேண்டும். பல இடங்களில் காத்துக் காத்து வந்த கூட்ஸ் வண்டியின் ஆட்களுக்கு நேரம் முடிந்துவிட்டால், வழியில் உள்ள ஸ்டேஷனிலேயே வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார்கள். மாற்று ஆள் வரும் வரை அந்த ரேக் லூப்பை அடைத்துக்கொண்டு கிடக்கும். அவ்வளவு நேரமும் அந்த ஸ்டேஷனில் கிராசிங் நடப்பது அரிது. ஆகவே, நேரம் முடியப்போகிற கூட்ஸை எப்படியாவது ஆள் மாறும் ஜங்ஷனுக்குக் கொண்டு சேர்க்கவே கண்ட்ரோல் முயலும். நம் வண்டி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டுநர் பற்றாக்குறை என்ற செய்தியை இனிப் படிக்கும்போது, அது நம் தாமதத்தைப் பற்றிய செய்தியும்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

● இனி அந்த கூட்ஸில் என்ன போகிறது என்று பார்ப்போம். ஒரு நெல் ரேக்கில் சுமார் 2,000 டன் ஏறும். 40 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 50,000 மூட்டை. லாரிக்கு 16 டன் வைத்தாலும் 125 லாரி. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெல்டாவின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் வாங்கும் நெல்லில் பெரும்பங்கு இப்படித்தான் அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர் என்று கூட்ஸ் ஷெட் உள்ள ஊர்களிலெல்லாம், அறுவடைக் காலத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

குறுவை அறுவடை முடியும் நேரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. கொள்முதல் நிலையத்தில் இடமில்லை என்றால் நெல் சாலையோரத்தில் குவிந்து கிடக்கும். நனையும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்க மாட்டார்கள். சில நாளில் முளைத்தும்விடும். ரேக் ஒரு நாள் பிந்தினால் நட்டம் நேராக விவசாயி வீட்டுக்கு வருகிறது. அதனால் "கூட்ஸை நிறுத்திவிட்டு எங்களை விடுங்கள்" என்று டெல்டாக்காரர்கள் கேட்க முடியாது. நெல்லை விளைவித்தவரும், அவர் மகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோகும் பாசஞ்சரும் ஒரே தண்டவாளத்துக்காகக் காத்திருக்கும் நிலை இது. இரண்டுக்கும் வழி விடும் அளவுக்குப் பாதை இல்லை என்பதே நம் புகாராக இருக்க வேண்டும்.

சாகுபடித் தொடக்கத்தில் எதிர்த்திசையிலும் இதே கதை. யூரியாவும் டிஏபியும் ரேக் ரேக்காக வந்து இறங்கும். அது பிந்தினால் மேலுரம் போடும் பருவம் தவறும்.

● காரைக்கால் துறைமுகம் 2009-இல் இயங்கத் தொடங்கியது. நாகூரிலிருந்து காரைக்காலுக்கு ரயில் பாதை 2011-இல் வந்தது. அன்று முதல் திருவாரூர் – தஞ்சாவூர் தடத்தின் தன்மையே மாறிப்போனது. கப்பலில் வரும் நிலக்கரி நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர், திருச்சி வழியாக அனல்மின் நிலையங்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் போகிறது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை சிறப்பு ரயில்கள் விடுகிறார்களே, அவையும் இதே தடத்தில்தான். நாகூர் கந்தூரிக்கும் அப்படியே.

இந்தத் தடத்தில் பாதிக்கப்படுவோர் ரயிலில் இருப்பவர்கள் மட்டுமல்ல. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு தடவையாவது மாட்டாத தஞ்சாவூர் – நாகப்பட்டினம் பயணி இருக்க மாட்டார். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலை பாதையைக் கடக்கிறது. கூட்ஸ் வந்தால் மூடுவார்கள். மன்னார்குடித் தடத்துக்கு எஞ்சின் திசை மாற்றினாலும் மூடுவார்கள். ஷெட்டில் ரேக் எடுத்து வைத்தாலும் மூடுவார்கள். கேட்டின் இருபுறமும் பேருந்துகள், லாரிகள், நடுவில் சைரன் அலற 108 ஆம்புலன்ஸ். மேம்பாலம் கேட்டு அந்த ஊர் எழுப்பிய குரலுக்கு வயது மிக அதிகம்.

● டெல்டாவுக்கு ரயில் வந்ததே சரக்குக்காகத்தான். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861-இல் நாகப்பட்டினம் துறைமுகத்தையும் தஞ்சாவூரையும் இணைத்தது. அடுத்த ஆண்டு திருச்சி. அன்று போட்டது அகலப் பாதை! 1870-களில் அதைப் பெயர்த்து மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து மறுபடி அகலப் பாதை.

● மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை போகும் பாதையை யார் போட்டது தெரியுமா? தஞ்சாவூர் மாவட்ட போர்டு. நில வரியோடு சேர்த்து வசூலித்த செஸ் பணத்தில் 1894-இல் திறந்தார்கள். ஓட்டிக் கொடுத்தது தென்னிந்திய ரயில்வே. சொந்தக்காரர்கள் தஞ்சை ஜில்லா மக்கள். உள்ளாட்சி அமைப்பு ஒன்று சொந்தப் பணத்தில் ரயில் விட்ட ஊர் இது. இன்று ஒரு லூப் லைன் நீட்டவும் டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கிறோம்.

● அதே போர்டு 1926-இல் மயிலாடுதுறை – தரங்கம்பாடி கிளையையும் திறந்தது. 1986-இல் அது மூடப்பட்டது. மயிலாடுதுறையிலிருந்து பிரிந்த நான்கு தடங்களில் ஒன்று அதோடு போயிற்று. ரயில் பிந்தி வந்தால் தரங்கம்பாடிக்காரருக்கு இன்று கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது.

● சென்னை – திருச்சி மெயின் லைன் என்பது மயிலாடுதுறை வழியாகப் போவதுதான். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போகும் 'கார்டு லைன்' 1920-களின் இறுதியில் போட்ட குறுக்கு வழி. சுமார் 60 கி.மீ. மிச்சம். இன்று கார்டு லைன் இரட்டைப் பாதை; தஞ்சாவூருக்கு மேற்கே திருச்சி வரையும் இரட்டைப் பாதை. பெயரில் மெயின் லைனாக இருக்கிற விழுப்புரம் – தஞ்சாவூர் மட்டும் ஒற்றை. கார்டு லைனில் பராமரிப்புக்காகப் போக்குவரத்தை நிறுத்தும்போது அங்கு ஓடும் வண்டிகளில் சிலவும் இந்தப் பக்கம் திருப்பி விடப்படுவதுண்டு. ஏற்கெனவே நெருக்கடியில் உள்ள பாதையில் விருந்தாளிகள்!

இரட்டைப் பாதை போடுவதில் டெல்டாவுக்கென்று ஒரு சிரமம் இருப்பதையும் சொல்ல வேண்டும். கொள்ளிடம், காவிரி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு என்று ஆறும் வாய்க்காலும் குறுக்கிட்டபடி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் புதிய பாலம் வேண்டும். களிமண் தரையில் கரை உயர்த்த வேண்டும். செலவு கூடத்தான் செய்யும்.

● விழுப்புரம் – மயிலாடுதுறை 122 கி.மீ. அகலப் பாதைக்காக 2006 இறுதியில் மூடப்பட்டு 2010 ஏப்ரலில் திறந்தது. மூன்று ஆண்டுக்கும் மேலாக இந்தத் தடத்தில் ரயிலே கிடையாது. அப்போதே இரண்டாம் பாதைக்கும் சேர்த்து நிலம் சமன்படுத்தியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

● தாமதத்துக்கு கூட்ஸே தேவையில்லை என்பதற்கும் டெல்டாவிலேயே உதாரணம் இருக்கிறது. திருவாரூர் – காரைக்குடி 149 கி.மீ. அகலப் பாதையில் 2019 ஜூனில் ரயில் விட்டார்கள். வழி நெடுக லெவல் கிராசிங்குகள். கேட் கீப்பர்கள் போதவில்லை. என்ன செய்தார்கள்? கேட் கீப்பரை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். வண்டி கடந்து நிற்கும். பின்னால் இருப்பவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். 149 கி.மீ. போக ஏறக்குறைய ஆறு மணி நேரம். கோடிகளைக் கொட்டிப் போட்ட பாதை, ஆள் நியமிக்காததால் பயனற்றுக் கிடந்தது.

● பயணிகள் ரயில் நின்றால் கூட்ஸ் என்ன ஆகும்? 2020-இல் விடை கிடைத்தது. கொரோனா ஊரடங்கில் பயணிகள் வண்டிகள் நின்றபோது, நாடு முழுவதும் சரக்கு ரயில்களின் சராசரி வேகம் மணிக்கு 23 கி.மீ. அளவிலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாகி 45 கி.மீ. அளவைத் தொட்டது. அதே எஞ்சின், அதே வேகன், அதே ஆட்கள். மாறியது தண்டவாளத்தில் இருந்த நெரிசல் மட்டும். பயணிகள் வண்டிகள் திரும்பியதும் வேகம் மறுபடி சரிந்தது. நம்மால் கூட்ஸ் நிற்கிறது, கூட்ஸால் நாம் நிற்கிறோம்.

● 2022 கோடையில் இதன் மறுபக்கம் தெரிந்தது. அனல்மின் நிலையங்களில் நிலக்கரி இருப்பு அபாயகரமாகக் குறைந்தபோது, நிலக்கரி வண்டிகளுக்கு வழி விடுவதற்காக 650-க்கும் மேற்பட்ட பயணிகள் ரயில் நடைகளை ரயில்வே ரத்து செய்தது. பெரும்பாலும் வட, கிழக்கு மாநிலங்களில். நாடு இருளாமல் இருக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் முதலில் ரத்தாவது எப்போதும் சாதாரணப் பெட்டிக்காரர்களின் வண்டிதான்.

● பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தையே ரயில்வே வசூலிக்கிறது என்ற வாசகத்தை டிக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். மீதி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சரக்குக் கட்டணத்திலிருந்து. போக்குவரத்து வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கு தருவது. ஏற்றும் சரக்கில் பாதி அளவு நிலக்கரி. நம் மலிவான டிக்கெட்டுக்கு நம்மை நிறுத்தி வைக்கும் அதே கூட்ஸ்தான் பணம் கட்டுகிறது. இதை மறந்து பேசினால் நியாயமாகாது.

● அமெரிக்காவில் நிலைமை வேறு விதம். அங்கே நெடுந்தூரப் பயணிகள் ரயில் ஓட்டும் ஆம்ட்ராக் 1971-இல் தொடங்கியது. வடகிழக்குப் பகுதி தவிர மற்ற இடங்களில் தண்டவாளம் பெரும்பாலும் தனியார் சரக்கு நிறுவனங்களுக்குச் சொந்தம். பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை என்று 1973-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நடந்ததா? மீறியதற்காக அந்நாட்டு நீதித்துறை 1979-இல் ஒரு வழக்குத் தொடுத்தது. அடுத்த வழக்கு 2024-இல். நியூயார்க் – நியூ ஆர்லியன்ஸ் 'கிரெசென்ட்' வண்டி, தெற்கு நோக்கிய பயணங்களில் 2023-இல் நான்கில் ஒன்றுதான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று அதில் குற்றம் சாட்டப்பட்டது. அங்கும் காரணம் நீளம்தான். மூன்று கிலோமீட்டரைத் தாண்டும் சரக்கு ரயில் பல லூப்புகளில் அடங்காது. பயணிகள் வண்டிதான் ஒதுங்க வேண்டும்.

● ஜப்பானில் நேர்மாறு. 1987-இல் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது தண்டவாளம் பயணிகள் நிறுவனங்களுக்குப் போனது. சரக்கு நிறுவனம் வாடகை கட்டி ஓட்டுகிறது. அங்கே ஒதுங்குவது கூட்ஸ்.

இந்தியாவில் தண்டவாளமும் பாசஞ்சரும் கூட்ஸும் ஒரே அரசுத் துறையின் கையில். யார் மேலும் வழக்குப் போட வேண்டியதில்லை. ஒரே மேசையில் தீர்க்கலாம்.

● கூட்ஸுக்கென்றே தனிப் பாதை நம் நாட்டிலும் வந்துவிட்டது. பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கி.மீ. கிழக்குத் தடம். தாத்ரியிலிருந்து மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கி.மீ. மேற்குத் தடம். பெரும்பகுதியில் ஓட்டம் நடக்கிறது. மணிக்கு 100 கி.மீ. வரை போகலாம், மேற்கில் கண்டெய்னர்களை இரண்டடுக்காக ஏற்றுகிறார்கள். 2025 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்திலிருந்து ஜார்க்கண்டுக்கு 'ருத்ராஸ்த்ரா' என்ற 354 வேகன் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். நீளம் நாலரை கிலோமீட்டர். தமிழ்நாட்டில் இப்படி ஒரு தடமும் இல்லை.

● வண்டி வழியில் அரை மணி பிந்தியும் கடைசி ஸ்டேஷனுக்கு நேரத்தில் போய்விடுகிறதே, எப்படி? கால அட்டவணையில் முடிவிடத்துக்கு முந்தைய துண்டில் கூடுதல் நிமிடங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். உங்கள் வண்டி முடியும் ஊருக்கும் அதற்கு முந்தைய ஸ்டேஷனுக்கும் போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவு என்று அட்டவணையில் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நேரந்தவறாமையைக் கணக்கிடுவது முடிவிடத்தில்தான். ஆகவே ஆடுதுறையிலோ வைத்தீஸ்வரன்கோயிலிலோ இறங்குகிறவர் இழந்த நேரம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. எனக்கு இதுதான் ஆறாத குறை. நடுவில் இறங்குகிறவர்கள்தான் பாசஞ்சரின் பெரும்பாலான பயணிகள்.

● பேரளம் – காரைக்கால் 23 கி.மீ. பாதையில் 1898-இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1980-களில் நின்றுபோனது. இப்போது அகலப் பாதையாக மறுபடி போடப்பட்டு 2025-இல் சோதனை ஓட்டம் கண்டது. திருநள்ளாறு போகும் பக்தர்களுக்கு இது நல்ல செய்தி. அதே நேரம், துறைமுகச் சரக்கு நாகூரைச் சுற்றாமல் நேரே பேரளம் வந்து, மயிலாடுதுறை வழியாக வடக்கே போகவும் இந்தப் பாதை வாய்ப்பளிக்கிறது. அப்படி வந்தால் நீடாமங்கலத்தின் பாரத்தில் ஒரு பங்கு மயிலாடுதுறை ஜங்ஷன் மேல் ஏறும். பேரளம் – மயிலாடுதுறையும் ஒற்றைப் பாதையே.

விழுப்புரம் – தஞ்சாவூர் முழுவதும் இரட்டைப் பாதை என்பது பல ஆண்டு வேலை. அதற்கு முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஹால்ட்டாகக் குறைத்த இடங்களில் எவை மீண்டும் கிராசிங் ஸ்டேஷன் ஆகலாம் என்று பார்த்து லூப் போடலாம். ஏற்கெனவே உள்ள லூப்புகளில் 15 கி.மீ. பாயிண்டுகளை 30 கி.மீ. ஆக்கலாம். நெல் ஏற்றும் ஷெட்டுகளுக்குத் தனித் தடம் கொடுத்தால் ரேக் ஏற்றும்போது நேர்ப்பாதை அடைபடாது. அறுவடை மாதங்களில், காலை 7 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் பாசஞ்சர் ஓடும் துண்டுகளில் கூட்ஸை நுழைய விடாமல் இரவில் கூடுதலாக ஓட்டலாம். மனு எழுதும் பயணிகள் சங்கத்தினரும் வர்த்தக சங்கத்தினரும் "ரயில் தாமதம்" என்று பொதுவாக எழுதாமல், எந்த வண்டி, எந்தத் தேதி, எந்த ஸ்டேஷனில், எத்தனை நிமிடம், எதற்காக நின்றது என்று ஒரு மாதத்துக்குக் குறித்துக் கொடுக்கலாம். ரயில்வே உதவி எண்ணான 139-இல் பதிவு செய்யும் ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்களையும் மனுவோடு இணையுங்கள். விவசாய சங்கங்களும் அதே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். நெல்லும் அதே பாதையில்தான் போக வேண்டியிருக்கிறது.